கடலோர உதவிபெறும் நடுநிலைப்பள்ளி: ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, நடுவே மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம், கீழக்கரை என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் இருக்கும் சிறிய அரசு உதவிபெறும் நடுநிலைப்பள்ளிகளில், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளையைப் பெரும்பாலும் தயங்காமல் சேர்க்கலாம். வீட்டுக்குப் பக்கம், வகுப்பில் கூட்டமில்லை, தலைமை ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். ஆறாம் வகுப்பு அப்படியல்ல. அங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விண்ணப்பம் வாங்க வேண்டும். வாசலில் தொங்கும் ஆங்கில வழி போர்டும் புதிதாக அடித்த பெயிண்டும் அந்தக் கணக்கில் வராது. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் சேர்த்து நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

உதவிபெறும் பள்ளியை மறைமாவட்டமோ, ஜமாஅத்தோ, அறக்கட்டளையோ, ஊர்ச் சங்கமோ நடத்தும். கட்டடம் அவர்களுடையது, அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு உரிய ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வரும். அமெரிக்க நகரங்களில் இதற்குக் கிட்டத்தட்ட ஒப்பான சார்ட்டர் பள்ளி உண்டு. 1991இல் மின்னசோட்டா மாநிலம் அதற்கான முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. அங்கேயும் பணம் அரசுடையது, நிர்வாகம் தனி. ஆனால் அது ஒப்பந்தத்தின் பேரில் நடக்கும் பள்ளி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சொன்னதைச் செய்தீர்களா என்று கணக்குக் கேட்பார்கள். செய்யாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள், பள்ளியையே மூடவும் செய்வார்கள். நம் ஊரில் மானியம் பணியிடத்தோடு ஒட்டியது. பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதற்கும் அடுத்த மாதச் சம்பளத்துக்கும் தொடர்பில்லை. அதனால் கணக்குக் கேட்கும் வேலை பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

கணக்கு இதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். அதோடு ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும். அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் வேண்டும். அதாவது மூன்று பட்டதாரி ஆசிரியர் என்பது குறைந்தபட்சம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரி ஆவார், பணியிடம் போகும். சின்னப் பள்ளிக்கு இதுதான் தீராத தலைவலி. ஆறில் 18, ஏழில் 15, எட்டில் 17 என்று ஐம்பதே பிள்ளைகள் இருந்தால், தலைக் கணக்குப்படி இரண்டு ஆசிரியர் போதும் என்று வரும். பாடக் கணக்குப்படி மூன்று பேர் வேண்டும். இந்த இடைவெளியில்தான் பிள்ளையின் மூன்று வருடம் மாட்டிக்கொள்கிறது.

ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். அந்த இடத்தை நிரப்ப நிர்வாகம் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கல்வித் துறை ஒப்புதல் தர வேண்டும். தகுதித் தேர்வு, உபரி ஆசிரியர் பிரச்சினை, வழக்கு என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். இடம் வருடக் கணக்கில் காலியாகவே கிடக்கும். நிர்வாகம் தன் கையிலிருந்து சொற்பச் சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்தும். அவர் நன்றாகவே பாடம் நடத்தலாம், ஆனால் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார். அடுத்த ஜூனில் புது முகம். கணக்கு வாத்தியார் மூன்று வருடத்தில் மூன்று பேர் மாறினால், எட்டாம் வகுப்பு முடியும்போது பின்னத்தில் தடுமாறிய பிள்ளை இயற்கணிதத்திலும் தடுமாறும்.

தலைமை ஆசிரியரிடம் இதை மரியாதையாக நேரடியாகவே கேளுங்கள்: “சார், ஆறிலிருந்து எட்டு வரைக்கும் யார் யார் எடுக்குறாங்க? இதில் நிரந்தரம் யார், நிர்வாகச் சம்பளத்தில் யார்?” நல்ல பள்ளியில் உடனே கால அட்டவணையை எடுத்துக் காட்டுவார்கள். அதில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஒரே ஆசிரியர் பெயர் ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்புக்கு எதிரே இருக்கிறதா. இருந்தால் அந்த நேரம் இரண்டு வகுப்பும் ஒரே அறையில்தான். இன்னொன்று, தலைமை ஆசிரியருக்கு எத்தனை பாடவேளை. ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் இருந்தால்தான் சட்டம் முழுநேரத் தலைமை ஆசிரியரைக் கேட்கிறது. சின்னப் பள்ளியில் அவரே கணக்கோ ஆங்கிலமோ எடுப்பார். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், நலத்திட்டப் பட்டியல் எல்லாமும் அவர் தலையில்தான். அவர் பாடத்துக்கு மாற்று ஆள் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வட்டார வள மையப் பயிற்சியில், ஒருவர் மருத்துவ விடுப்பில், தலைமை ஆசிரியர் கூட்டத்தில் என்றால், மூன்று வகுப்பும் ஹாலில் உட்கார்ந்து கையெழுத்துப் பயிற்சி எழுதிக்கொண்டிருக்கும்.

அடுத்தது நோட்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் கணக்கு நோட்டை, முடிந்தால் இரண்டாம் பருவத்தில், வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தேதி தொடர்ந்து வருகிறதா, நடுவே இரண்டு வாரம் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துக்காட்டுக் கணக்கு மட்டும் இருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பயிற்சிக் கணக்கும் இருந்தால் பிள்ளை தானாகப் போட்டது. எங்கள் அனுபவத்தில் நல்ல நோட்டு அழுக்காக இருக்கும். தப்பாகப் போட்ட கணக்கைச் சிவப்பு மையில் சுழித்திருப்பார்கள், அதன் கீழே அதே கணக்கைப் பிள்ளை மறுபடி போட்டிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் சரி குறி மட்டும் இருந்து, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் நோட்டும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால், அங்கே திருத்தம் நடக்கவில்லை. எட்டு வரை தேர்ச்சி தடையில்லாமல் கிடைப்பதால் இந்தக் குறை ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே தெரியும். அப்போது வேறு பள்ளி, வேறு வாத்தியார். யாரிடம் போய்க் கேட்பது?

பள்ளியை அளக்க வெளியிலிருந்து ஓர் அளவுகோலும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு, எல்லோரும் என்.எம்.எம்.எஸ். என்று சொல்வது. அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90 கேள்வி. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். தேறியவர் எண்ணிக்கையை விட எழுதியவர் எண்ணிக்கையை நாங்கள் முக்கியமாகப் பார்ப்போம். எட்டாம் வகுப்பில் பதினேழு பேர் இருக்க, இரண்டு பேரை மட்டும் எழுத வைக்கும் பள்ளி மற்ற பதினைந்து பேரையும் முன்கூட்டியே கைவிட்டுவிட்டது. பதினைந்து பேரை எழுத வைத்து ஒருவர் தேறினாலும், மாலை வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

இப்போது பலரும் கவனிக்காமல் விட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு வருந்தும் விஷயம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இது வந்தது. உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி ஆகாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி ஆகும். ஆறாம் வகுப்பை உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதில் அரசு மேல்நிலைப்பள்ளிக்கு மாறினாலும் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை கணக்கில், அறிவியலில் கெட்டி, நடந்து போகும் தூரத்தில் ஓரளவு ஆசிரியர் உள்ள ஒன்றிய நடுநிலைப்பள்ளியோ அரசு உயர்நிலைப்பள்ளியோ இருக்கிறது என்றால், ஆறாம் வகுப்பிலேயே அங்கே மாற்றுவதுதான் எங்கள் யோசனை. எவ்வளவு நல்ல உதவிபெறும் பள்ளியாக இருந்தாலும் சரி.

உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்களில் நிலைமை வேறு. புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் உதவிபெறும் பள்ளித் தமிழ் வழி மாணவர் உண்டு. உதவிபெறும் பள்ளிப் பிள்ளை என்றால் இரண்டிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இங்கேதான் ஆங்கில வழி போர்டு ஆளைக் கவிழ்க்கும். ஒரே வளாகத்தில் தமிழ் வழி மானியத்திலும், ஆங்கில வழி சுயநிதியிலும் ஓடும் பள்ளிகள் உண்டு. சுயநிதிப் பிரிவில் கட்டணம் கட்ட வேண்டும், இந்த உதவித் தொகையும் போகும். சேர்க்கைப் படிவத்தில் பயிற்று மொழி என்ன எழுதியிருக்கிறது, எமிஸில் என்ன பதிவாகியிருக்கிறது என்று இரண்டையும் பாருங்கள். மானியப் பிரிவில் எட்டு வரை கல்விக் கட்டணம் கிடையாது. கட்டட நிதி, வளர்ச்சி நிதி என்று கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தராத பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

கட்டணம் இல்லை என்பதன் அருமை ஜூன் முதல் வாரத்தில்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி திறக்கும்போது படகு இன்னும் கரையில் நிற்கும், வீட்டில் காசு இருக்காது. தனியார் மெட்ரிக் பள்ளியின் முதல் தவணை அந்த நேரத்தில்தான் வரும். உதவிபெறும் பள்ளியில் பாடநூல், நோட்டு, பை, காலணி, சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு நான்கு செட் சீருடை எல்லாம் அரசு தருகிறது. சீருடை சில சமயம் தாமதமாக வரும், அளவும் மாறி வரும். தையல் பிரித்துவிட இடம் இருக்கும்படி ஒரு அளவு பெரிதாகவே கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டிலும் ஆறாம் வகுப்பு ஒரு கோடு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில் ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகரப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை மட்டும். தம்பி உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட, ஆறாம் வகுப்பு அக்கா பார்த்துக்கொண்டு நிற்பாள். தாய் விடியற்காலையிலேயே கருவாட்டுக் களத்துக்கோ பாசி எடுக்கவோ போய்விடும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. முதல் இரண்டு பாடவேளை பசியிலேயே போகும். பழைய சோறாவது சாப்பிட்டு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். மதியம் சத்துணவில் ஆறு முதல் எட்டு வரை தலைக்கு 150 கிராம் அரிசி, சின்ன வகுப்புக்கு 100 கிராம். பள்ளி நாளில் முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். பன்னிரண்டரை மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முட்டை முழுதாகத் தட்டில் விழுகிறதா, பெரிய பிள்ளைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரே கரண்டியா என்பது அங்கே நின்றால் தெரிந்துவிடும்.

கட்டடம் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியை விட அதிக இடம் கேட்கும், உள்ளிருந்து நெட்டித் தள்ளும். முதலில் கூரையில் கம்பி போன வழியே நேர்கோடாக விரிசல் வரும், பிறகு பழுப்புக் கறை, பிறகு காரை பெயர்ந்து விழும். வெள்ளையடித்தால் கறை மறையும், விரிசல் மறையாது. வகுப்பறைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். உத்தரத்தின் அடிப்பக்கமும் ஜன்னல் மேல் சன்ஷேடும்தான் முதலில் போகும் இடம். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று நான்கும் நடப்பில் இருக்க வேண்டும். கேட்டால் காட்டத்தான் வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தின்ற தீ பரவியது கீற்றுக் கூரையில். நம் பக்கம் பனை ஓலைக் கொட்டகை சாதாரணம். சத்துணவுக் கூடத்துக்கு மேலோ, அதை ஒட்டியோ ஓலை இருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அந்தப் பள்ளி வேண்டாம்.

பெண் பிள்ளை என்றால் கழிவறைக் கதவைத் தொட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து இரும்புத் தாழ்ப்பாளையும் கீலையும் சீக்கிரமே அரித்துவிடும். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு தோழி வெளியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதற்குக் கூச்சப்பட்டே ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், மாதத்தில் சில நாள் வரவே மாட்டார்கள். பிளாஸ்டிக் கதவும் அலுமினியத் தாழ்ப்பாளும் போட்டிருந்தால், நிர்வாகத்துக்கு அக்கறை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். காவிரித் தண்ணீர் வராத நாளில் குடிக்க என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் குடிக்க லாயக்கில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தச் சின்னப் பள்ளிகளின் உண்மையான பலத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்கள் ஐஸ் ஏற்றவும் வலை இழுக்கவும் போகத் தொடங்கும் வயது அது. கையில் நூறு இருநூறு புழங்கினால் பள்ளி கசக்கும். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒரு வாரம் வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான். சின்னப் பள்ளியில் மூன்றாம் நாள் டீச்சர் வீட்டு வாசலில் நிற்பார், அம்மாவிடம் பேசுவார், சில சமயம் படகு உரிமையாளரிடமே போய்ப் பேசுவார். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள் என்கிறது. வடகிழக்குப் பருவமழையில் விடுமுறை விட்டால் சனிக்கிழமை வைத்து ஈடுகட்ட வேண்டும். அந்தச் சனிக்கிழமைகளில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் வந்தால் அந்த ஆசிரியர்களைப் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆசிரியர் மூவரும் நிரந்தரம், இப்படிப்பட்ட கவனிப்பும் உண்டு, பிள்ளை படிப்பில் நடுத்தரம் அல்லது வரத் தயங்கும் பிள்ளை என்றால், 7.5 விழுக்காட்டை மறந்துவிட்டு இங்கேயே எட்டு வரை விடுங்கள்.

குறை சொல்ல வேண்டி வந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அரசுப் பள்ளியில் உள்ள அதிகாரம் இங்கே இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உதவிபெறும் பள்ளியில் அது ஆலோசனை சொல்லும் குழு மட்டுமே. முதலில் தாளாளரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். நடக்கவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். அடி, மிரட்டல், தவறான நடத்தை என்றால் யாரிடமும் காத்திருக்காமல் 14417 அல்லது 1098.

எட்டு முடித்ததும் எங்கே என்பதைச் சேர்க்கும்போதே கேட்க வேண்டும். அப்துல் கலாம் ராமேசுவரத்தில் தொடக்கக் கல்வியை முடித்துவிட்டு, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குத் தீவை விட்டுப் போக வேண்டியிருந்தது. இன்று ஊர்ப் பக்கத்திலேயே உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன, பள்ளிப் பிள்ளைக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை. ஆனாலும் நடுநிலையோடு நிற்கும் பள்ளியில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே பிள்ளைகள் காணாமல் போகிறார்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். போன வருடம் எட்டு முடித்தவர்கள் இப்போது எந்தெந்தப் பள்ளியில் ஒன்பதில் இருக்கிறார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் பெயர் பெயராகக் கேளுங்கள். நல்ல தலைமை ஆசிரியர் மனப்பாடமாகச் சொல்வார்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, படம், மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். ஏதாவது ஒன்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது. நுழைவுத் தேர்வு வைக்கவும் கூடாது. பழைய பள்ளி டி.சி. கொடுத்த கையோடு எமிஸில் பிள்ளையின் பெயரைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) மாற்றிவிட்டதா என்று அங்கேயே நின்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றாவிட்டால் புதுப் பள்ளியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும், ஆனால் பதிவில் இருக்காது. பாடநூல், சீருடைப் பட்டியலில் பெயர் வராது. ஆகஸ்ட் 1 கணக்கிலும் ஒரு தலை குறையும். டி.சி.யில் பெயரின் எழுத்து, தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள். பயிற்று மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்றே இருக்க வேண்டும். பிறகு திருத்துவதற்கு ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டிவரும்.